ஒரு மௌஸ், இரண்டு பேர்

மருமகனுக்கும் மாமியாருக்கும் சண்டை எதுவும் கிடையாது. பேச்சுதான் கிடையாது. கல்யாணமான நாளிலிருந்து இருவரும் ஒருவரை ஒருவர் மதித்த மதிப்பு எல்லை மீறிப் போய், நேருக்கு நேர் ஒரு வாக்கியம்கூடப் பேசிக்கொள்ள முடியாத நிலைக்கு வந்திருந்தது. மூன்று பேரும் ஒரே மேஜையில் சாப்பிட உட்கார்ந்தால், "மாப்பிள்ளைக்கு இன்னும் கொஞ்சம் வேணுமான்னு கேளு" என்று மாமியார் மகளிடம் சொல்வார். கை நீட்டினால் தொடும் தூரத்தில் இருக்கும் மருமகன் தட்டைப் பார்த்துக்கொண்டே, "போதும்னு சொல்லு" என்பான். நடுவில் இருப்பவள் எதையும் கேட்கவும் மாட்டாள், சொல்லவும் மாட்டாள். கேள்வியும் பதிலும் அவள் தலைக்கு மேலே அதுபாட்டுக்குப் போய்வந்துகொண்டிருக்கும்.

இத்தனைக்கும் மாமியார் வாயில்லாப் பூச்சி அல்ல. பெண்கள் பள்ளி ஒன்றில் உடற்பயிற்சி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். மைதானத்தின் இந்த மூலையில் நின்று ஓர் அதட்டல் போட்டால், அந்த மூலையில் வேலியோரம் கதை பேசிக்கொண்டிருக்கும் பிள்ளைகள் அடித்துப் பிடித்துக்கொண்டு வரிசைக்கு வந்துவிடுவார்கள். விசில் தொங்கிய பழக்கத்தில், பேசும்போது இப்போதும் கை நெஞ்சுப் பக்கம் போகும். அந்தக் குரல் மருமகனைக் கண்டால் மட்டும் எங்கேயோ போய் ஒளிந்துகொண்டது.

மருமகனும் வெளியில் வாயாடிதான். சர்வேயர் வேலை. எல்லைத் தகராறில் முறைத்துக்கொண்டு நிற்கும் இரண்டு தரப்பையும் சிரிக்கவைத்து வீட்டுக்கு அனுப்புகிறவன். மாமியாரிடம் முதல் வார்த்தை மட்டும் வரவில்லை. முதல் வருஷம் வராதது அடுத்த வருஷம் எப்படி வரும்? "இப்பப் போய்த் திடீர்னு பேசினா, இவ்வளவு நாள் ஏன் பேசலைன்னு ஆயிடும்" என்று மனைவியிடம் காரணம் சொன்னான். இப்படி ஒரு காரணத்தைத் தன் பிறவியில் கேட்டதில்லை என்றாள் அவள்.

இப்படிப் போய்க்கொண்டிருக்கையில் மாமியாருக்கு முழங்காலில் ஆபரேஷன் நடந்தது. கொஞ்ச காலம் படியேறக் கூடாது, தனியாகவும் இருக்கக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். மகள் அவரைத் தன் வீட்டுக்கே கூட்டிக்கொண்டு வந்தாள். கீழ்த்தளத்தில் குளியலறையை ஒட்டி இருந்தது ஒரே ஓர் அறைதான். அது மருமகனின் வேலை அறை. அவனுடைய கம்ப்யூட்டர் அங்கேதான் இருந்தது.

அந்தக் கம்ப்யூட்டரை மனைவி "உங்க மூத்தவ" என்றுதான் குறிப்பிடுவாள். கல்யாணத்துக்கு முன்பே அவன் ஒவ்வொரு பாகமாகத் தேடி வாங்கி, தன் கையால் பூட்டி, லினக்ஸ் போட்டு வளர்த்த கறுப்புப் பெட்டி அது. டிரோன் பறந்து எடுத்த ஆயிரக்கணக்கான படங்களை ஒன்றோடொன்று ஒட்டி, மேடு பள்ளத்தோடு ஒரே வரைபடமாக்கித் தரும் வேலையை அது மட்டும்தான் முகம் சுளிக்காமல் செய்யும். ஆபீஸ் கொடுத்த லேப்டாப்பில் அந்த வேலையை ஆரம்பித்தால் பாதியிலேயே மூச்சு முட்டி நின்றுவிடும். மூத்தவளை நகர்த்த வேறு இடம் இல்லாததால் அது மேஜையடியிலேயே இருந்தது. பக்கத்தில் மாமியாரின் கட்டில் வந்தது.

அதே சமயம் பார்த்து ஆபீஸில் மருமகனை வெளியூர் போகச் சொன்னார்கள். ஒரு கல்குவாரி. பள்ளம் பக்கத்து வயல்காரர்களின் கிணறுகளை நெருங்கிவிட்டது என்று புகார். எவ்வளவு நெருங்கியிருக்கிறது என்று அளந்து கொடுக்க வேண்டும். பெட்டியைத் தூக்கிக்கொண்டு போக முடியாது. அதனால் வெளியூரில் லேப்டாப் முன்னால் உட்கார்ந்தபடியே வீட்டுக் கம்ப்யூட்டரின் திரையைப் பார்த்து வேலை செய்ய ஏற்பாடு பண்ணிவிடலாம் என்று அவன் முடிவு செய்தான்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அதற்கே போனது. கீழே மாமியார் படுத்திருந்ததால், அவர் ஹாலுக்கு வரும் நேரமாகப் பார்த்து உள்ளே ஓடினான். அவர் திரும்பும் சத்தம் கேட்டதும் வெளியே ஓடிவந்தான். திரையைப் பகிரும் நிரலைப் போட்டான். வீட்டு ரவுட்டரில் வாசலைத் திறந்துவைத்தால் ஊரில் போகிறவன் வருகிறவனெல்லாம் கதவைத் தட்டிப் பார்ப்பான் என்பதால், தன் லேப்டாப்பும் வீட்டுப் பெட்டியும் மட்டும் போய்வர ஒரு தனிவழி போட்டான். பெட்டி சும்மா இருந்தால் தூங்கிவிடும். தூங்கக் கூடாது என்று அதட்டிவைத்தான். வீட்டில் என்ன தெரிகிறதோ அதே திரை தனக்கும் தெரியும்படி வைத்தான். மாடியில் போய் லேப்டாப்பைத் திறந்து பார்த்தான். கீழே இருக்கும் திரை அச்சாக வந்து நின்றது. பக்கத்தில் எட்டிப்பார்த்த மனைவியிடம், நிலாவில் கால் வைத்தவன் மாதிரி திரையைக் காட்டினான். அவள், பதினெட்டுப் படி இறங்கினால் அதை நேரிலேயே பார்க்கலாமே என்றாள்.

குவாரிக்குப் போய்ச் சேர்ந்த மறுநாள் காலை, தகரக் கூரை போட்ட சைட் ஆபீஸில் உட்கார்ந்து லேப்டாப்பைத் திறந்தான். வீட்டுப் பெட்டி கிடைக்கவில்லை. மறுபடி முயன்றான். அசையவில்லை. யாராவது கைவைத்து அணைத்தால் ஒழிய அணையாத பெட்டி அது. அந்த நேரத்தில் வீட்டில் இருக்கிற ஆளோ மாமியார் மட்டும்தான்.

மனைவிக்குப் போன் போட்டான். அவள் ஒரு ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் டெக்னீஷியன். எதிரில் குழாய்கள் வரிசையாகக் காத்திருந்தன. அவள் அம்மாவையும் அதே இணைப்பில் சேர்த்துவிட்டு, மூன்று பேரும் இருக்கிறோம், பேசிக்கொள்ளுங்கள் என்றாள்.

மருமகன் தொண்டையைச் செருமினான்.

"மேஜைக்கு அடியில இருக்கற பெட்டியில லைட் எரியுதான்னு கேளு."

"எரியலைன்னு சொல்லு," என்றார் மாமியார். "யாரும் தொடாமலே ராத்திரி பகலா ஓடிட்டே இருந்துச்சு. கரண்ட் வீணாகுதேன்னு நான்தான் சுவிட்சை அணைச்சேன்னு சொல்லு."

"பரவாயில்லைன்னு சொல்லு. இப்ப சுவிட்சைப் போட்டு, முன்பக்கம் இருக்கற பட்டனை அழுத்தச் சொல்லு."

மூன்று பேரும் ஒரே இணைப்பில் இருந்தும், ஒருத்தி வழியாகவே எல்லாம் நடந்தது. அந்த ஒருத்தி ரத்தக் குழாய்களில் ஒட்டுத்தாள் ஒட்டிக்கொண்டிருந்தாள்.

பெட்டி உயிர்பெற்றது. ஆனால் மருமகனுக்கு இன்னும் இணைப்பு கிடைக்கவில்லை. அப்போதுதான் ஞாயிற்றுக்கிழமை விட்டுப்போன ஒன்று அவன் மண்டையில் உறைத்தது. பெட்டியை அணைத்துப் போட்டால் முதலில் அது கடவுச்சொல் கேட்கும். யாராவது நேரில் உட்கார்ந்து அதைத் தட்டி உள்ளே போனால்தான் திரைப் பகிர்வே ஆரம்பிக்கும்.

அதில் சிக்கல், கடவுச்சொல்தான். கல்யாணமான புதிதில், மறக்காத வார்த்தையாக ஒன்று வைக்கலாம் என்று யோசித்தபோது, முதல் நாள் மாமியார் தெருவில் ஓடிய ஒரு நாயை ஒரே அதட்டலில் உட்காரவைத்த காட்சி கண்ணில் நின்றது. அந்த வேகத்தில் 'விசிலம்மா' என்று ஆங்கில எழுத்தில் வைத்துவிட்டான். மனைவிக்குக்கூடச் சொன்னதில்லை.

அவளிடம் மட்டும் தனியாகப் பேச வேண்டும் என்றான். இன்னொரு தடவை இணைத்துக்கொண்டிருக்க நேரமில்லை, என்ன எழுத்தோ அதைச் சொல்லுங்கள் என்றாள் அவள். எல்லாச் சாமியையும் வேண்டிக்கொண்டு அவன் ஆரம்பித்தான்.

"வி. ஐ. எஸ். ஐ..."

மைதானத்தில் எண் சொல்வது போல ஒவ்வொரு எழுத்தையும் மாமியார் திருப்பிச் சொல்லித் தட்டினார். 'எல்' வந்ததும் மனைவிக்கு இருமல் வந்தது. முதல் 'எம்' வந்தபோது இருமல் முற்றி, போன் எங்கேயோ துணிக்குள் போன சத்தம் கேட்டது. கடைசி 'ஏ' வரைக்கும் மாமியாரின் குரலில் ஒரு மாற்றமும் இல்லை.

"உள்ள போயிடுச்சுன்னு சொல்லு" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

சாயங்காலம் மனைவியிடம், அம்மா ஏதாவது கேட்டாரா என்று விசாரித்தான். ஒன்றுமே கேட்கவில்லை, தனக்கும் அதுதான் பயமாக இருக்கிறது என்றாள்.

இனி ஒருபோதும் அந்தக் கடவுச்சொல்லை யாரும் தட்டும்படி ஆகக் கூடாது என்று, குவாரியிலிருந்தே கைவைத்து, பெட்டி கேள்வி கேட்காமல் திறக்கும்படி மாற்றினான். திரைப் பூட்டையும் எடுத்துவிட்டான். அதன் பலனை மறுநாளே பார்த்தான். காலையில் லேப்டாப்பைத் திறந்ததும், வீட்டுத் திரையில் மௌஸ் தானாக நகர்ந்துகொண்டிருந்தது. நடுவில் ஒரு சதுரங்கப் பலகை. வெள்ளைக் குதிரை ஒன்று எழும்பி, எங்கே உட்காருவது என்று தெரியாமல் இரண்டு மூன்று கட்டங்களைச் சுற்றிப் பார்த்துவிட்டு, நேராகப் போய்க் கறுப்பு ராணியின் வாயில் விழுந்தது.

நடக்க முடியாமல் உட்கார்ந்திருந்த மாமியார் கம்ப்யூட்டரோடு விளையாட ஆரம்பித்திருந்தார்.

மருமகன் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான். ஆட்டம் முடிந்தது, மாமியார் தோற்றார். அடுத்த ஆட்டத்தை ஆரம்பித்தார். அவன் முந்தின நாள் எடுத்த படங்களெல்லாம் ஏற்கெனவே வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து காத்திருந்தன. ஒரு மாப்பிள்ளை மாமியாரை எழுந்திரு என்று எப்படிச் சொல்வது? மெதுவாக மௌஸைப் பிடித்துச் சதுரங்கப் பலகையை ஓரமாகத் தள்ளினான். பலகை திரும்ப நடுவுக்கு வந்தது. மறுபடி தள்ளினான். இந்தத் தடவை அது இரண்டு மடங்கு வேகத்தில் வந்து நின்றது. இருப்பது ஒரே அம்புக்குறி. இரண்டு பேரும் இரண்டு பக்கம் இழுத்ததில் அது பித்துப்பிடித்தது போல் திரை முழுக்கச் சுற்றியது. அந்தக் களேபரத்தில் அவன் கை பட்டு மாமியாரின் யானை ஒன்று நகர்ந்தே போய்விட்டது.

வேறு வழியில்லாமல் எழுதுவதற்கான ஒரு வெற்றுத் தாளைத் திரையில் திறந்தான். ஆங்கில எழுத்தில் தமிழைத் தட்டினான்.

"வணக்கம் அத்தை. நான்தான்."

மௌஸ் அப்படியே நின்றது. வெகுநேரம் ஒன்றும் நடக்கவில்லை. மாமியார் பயந்துபோய் மறுபடி சுவிட்சை அணைத்துவிடுவார் என்று நினைத்தான். பிறகு, அவன் வரிக்குக் கீழே ஒவ்வோர் எழுத்தாக முளைத்தது.

"நான்தான்னா யாரு?"

"மாப்பிள்ளை."

ஓர் எழுத்து வந்தது, அழிந்தது. இன்னொன்று வந்தது; அதுவும் அழிந்தது. அவன் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டான்.

"சாப்பிட்டீங்களா?"

நடுவில் ஆள் இல்லாமல், மாப்பிள்ளை என்று தெரிந்தே மாமியார் அவனிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான். தகரக் கூரைக்குக் கீழே, பக்கத்தில் பாறை உடைக்கும் தூசி பறந்துகொண்டிருக்க, அவன் அந்த ஒரு வரியை இரண்டு தடவை படித்தான். சாப்பிட்டேன் என்று தட்டினான். உண்மையில் சாப்பிட்டிருக்கவில்லை. நீங்கள் சாப்பிட்டீர்களா என்று கேட்டான். ஆச்சு என்று வந்தது. அதற்குக் கீழே இன்னொரு வரி வந்தது.

"என் யானையை எதுக்கு நகர்த்தினீங்க?"

அதற்குப் பிறகு எல்லாம் மளமளவென்று நடந்தது. படங்களை ஒட்டும் வேலையைத் தொடங்கிவிட்டால் மணிக்கணக்காக அது தன்பாட்டுக்கு ஓடும். அதற்கு மௌஸ் தேவையில்லை. ஆகவே தொடங்கும்வரை மாப்பிள்ளைக்கு, பிறகு அத்தைக்கு என்று தாளில் ஒப்பந்தம் ஆனது. ஓடும் வேலையை மாமியார் மேற்பார்வை பார்த்தார். பாதி ஆச்சு, முக்கால் ஆச்சு, ரொம்ப நேரமாக அங்கேயே நிற்கிறது, மிரட்டிப் பார்க்கவா என்று எழுதினார். அவன் குவாரியைச் சுற்றிவிட்டு வந்து படித்துப் பதில் போட்டான். பிறகு சதுரங்கத்திலும் கம்ப்யூட்டரை ஒதுக்கிவிட்டு இருவரும் மோதினார்கள். அவன் விட்டுக்கொடுத்து ஆடுவதை மூன்றாவது ஆட்டத்திலேயே கண்டுபிடித்துவிட்டார்.

"இந்த மரியாதை எல்லாம் சாப்பாட்டு மேஜையோட வச்சுக்கோங்க. ஒழுங்கா ஆடுங்க."

ஒழுங்காக ஆடினான். மாமியார் வரிசையாகத் தோற்றார். ஒவ்வொரு தோல்விக்கும் கம்ப்யூட்டரின் மௌஸ் சரியில்லை, முழங்கால் வலி, வெளியில் யாரோ காய்கறி விற்றான் என்று ஒரு காரணம் தாளில் வந்தது. அவன் தனியாகச் சிரிப்பதைப் பார்த்து, சைட் ஆபீஸில் இருந்த மேஸ்திரி அவனை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டுப் போனார்.

ஒருநாள் ஆட்டத்துக்கு நடுவில், ராணியை இழந்த கையோடு மாமியார் எழுதினார்.

"விசிலம்மா யாரு?"

மருமகனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. இணைப்பு போய்விட்டதாகப் பாவனை செய்யலாமா என்று ஒரு கணம் யோசித்தான். பிறகு, நீங்கள்தான் அத்தை, மன்னிக்க வேண்டும் என்று எழுதினான். நாய் உட்கார்ந்த கதையையும் எழுதினான்.

"பள்ளிக்கூடத்துல எனக்கு வச்ச பேரு ரோடு ரோலர். இது எவ்வளவோ தேவலை. உங்க ஆட்டம்."

அறிக்கை கொடுக்க வேண்டிய நாள் வந்தது. குவாரிக்காரர்களும் வயல்காரர்களும் ஒரு பொது மண்டபத்தில் கூடி, அதிகாரி முன்னிலையில் வரைபடத்தைப் பார்ப்பதாக ஏற்பாடு. வரைபடம் வீட்டுப் பெட்டியில் தயாராகிவிட்டது. காலையில் அதை இங்கே இழுத்துக்கொள்ளலாம் என்று மருமகன் இருந்தான். காலையில் கல் ஏற்றிய லாரி ஒன்று பின்னால் வந்து கம்பத்தில் இடித்தது. சைட் ஆபீஸுக்கு வந்த இன்டர்நெட் வயர் அறுந்து தரையில் கிடந்தது. லேப்டாப் வெறும் பலகையானது.

சிக்னல் தேடி ஜல்லி மேட்டின் மேல் ஏறினான். இன்டர்நெட் இல்லை, போன் மட்டும் ஒரு கோடு காட்டியது. மனைவியை அழைத்தான். பரிசோதனைக் கூடத்தில் அன்றைக்கு ஆய்வுக்காக மேலிடத்து ஆட்கள் வந்திருந்ததால் எல்லோருடைய போனும் அலமாரியில் இருந்தது. மணி அடித்து அடித்து ஓய்ந்தது. கீழே வயல்காரர்கள் மண்டபத்தை நோக்கி நடக்கத் தொடங்கியிருந்தார்கள்.

மாமியாரின் எண்ணை அழுத்தினான். இத்தனை வருஷத்தில் அந்த எண்ணை அவன் அழுத்தியதில்லை. உடனே எடுத்தார். அவன் வாயிலிருந்து பழக்கதோஷத்தில் வந்தது இதுதான்:

"அத்தைகிட்ட கொஞ்சம் சொல்லு..."

"அத்தைதான் பேசறேன்," என்றது போன். "நேரா சொல்லுங்க."

எழுத்தில் அவ்வளவு பேசியவனுக்குக் குரல் என்றதும் ஒரு வாக்கியம் கூடி வரவில்லை. லாரி, வயர், மண்டபம் என்று துண்டு துண்டாக உளறினான். மாமியார் பொறுமையாகக் கேட்டார். பிறகு, இத்தனை நாள் ஒளிந்திருந்த அந்த மைதானக் குரல் வெளியே வந்தது.

"மாப்பிள்ளை, முதல்ல மூச்சை இழுத்து விடுங்க. விட்டாச்சா? இன்னொரு தடவை. இப்ப ஒவ்வொண்ணா சொல்லுங்க."

ஜல்லி மேட்டின் மேல் நின்று அவன் நிஜமாகவே இரண்டு தடவை மூச்சை இழுத்து விட்டான். பிறகு சொன்னான். எந்த ஃபோல்டரைத் திறக்க வேண்டும், எந்தக் கோப்பு, அதை அனுப்ப அதிகாரியின் மின்னஞ்சல் எது. அங்கே கிட்டத்தட்ட ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று பழையது, ஒன்று திருத்தியது. எது என்று அவனுக்கே பெயரை வைத்துச் சொல்ல முடியவில்லை. இரண்டையும் திறக்கச் சொல்லி, கிணறுகளைச் சுற்றி என்ன தெரிகிறது என்று கேட்டான். ஒன்றில் சும்மா பச்சையாக இருக்கிறது, மற்றதில் சிவப்புக் கோடு ஓடுகிறது என்றார் மாமியார். சிவப்புக் கோடு என்றான். அனுப்பும்போது ஏதோ ஒரு பெட்டி எழும்பி ஆங்கிலத்தில் பயமுறுத்தியது. அதை அவர் எழுத்துக்கூட்டிப் படித்தார். கோப்பு பெரிதாக இருக்கிறது, பரவாயில்லையா என்று கேட்கிறது. ஆமாம் என்று அழுத்துங்கள் என்றான்.

"அழுத்திட்டேன். சுத்துது. சுத்துது. இன்னும் சுத்துது. ம், போயிடுச்சு."

மருமகன் ஜல்லியில் அப்படியே உட்கார்ந்தான். மாமியார், மண்டபத்துக்கு ஓடும்படி சொன்னார். ஓடினான்.

அதிகாரியின் திரையில் சிவப்புக் கோடு எல்லோருக்கும் தெளிவாகத் தெரிந்தது. பள்ளம் அனுமதித்த எல்லையைத் தாண்டி இரண்டு கிணறுகளின் பக்கம் போயிருந்தது. குவாரிக்காரர் கொஞ்ச நேரம் முனகிவிட்டு, அந்தப் பக்கம் வெட்டுவதை நிறுத்துவதாக எழுதிக் கொடுத்தார். வயல்காரர் ஒருவர் மருமகனின் கையைப் பிடித்துக்கொண்டு, இவ்வளவு சுத்தமாக வரைபடம் போட எத்தனை பேர் வேலை செய்தார்கள் என்று கேட்டார். இரண்டு பேர் என்றான்.

வேலை முடிந்து வீடு திரும்பிய நாளில் மனைவி பணியில் இருந்தாள். கதவைத் திறந்தது மாமியார்தான், ஒரு கையில் ஊன்றுகோலோடு. திரை இல்லை, போன் இல்லை, நடுவில் பேச ஆளும் இல்லை. இருவரும் வாசலில் ஒருவர் காலை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவன் பையை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றினான். அவர் ஊன்றுகோலை அப்படியே மாற்றினார்.

"கால் எப்படி இருக்கு, அத்தை?" என்றான். சொன்ன பிறகுதான் வாய் திறந்துவிட்டது என்று அவனுக்கே தெரிந்தது.

"நடக்கச் சொல்றார் டாக்டர். உங்க பொண்டாட்டிக்கு எங்க நேரம்," என்றார் மாமியார். கொஞ்சம் தயங்கினார். "நீங்க களைப்பா இல்லைன்னா, தெருமுனை வரைக்கும்."

பையை உள்ளே எறிந்துவிட்டு வந்தான். அவர் அவன் முழங்கையைப் பிடித்துக்கொண்டார். மூன்றாவது விளக்குக் கம்பத்துக்கிட்ட, கூன் போட்டு நடக்காதீர்கள், முதுகை நிமிர்த்துங்கள் என்று அவனுக்கு முதல் அதட்டல் விழுந்தது. அவன் நிமிர்ந்தான். அப்புறம் கடைசி ஆட்டத்தைப் பற்றிப் பேச்சு வந்தது. தான் குதிரையை நகர்த்தியிருந்தால் அவன் கதை அன்றைக்கே முடிந்திருக்கும் என்றார் மாமியார். முடிந்திருக்காது என்றான் அவன். முடிந்திருக்கும் என்றார் அவர், நடுத்தெருவில் நின்று, ஊன்றுகோலால் தரையில் கட்டம் போட்டுக் காட்டினார்.

வேலை முடிந்து எதிர்த் திசையில் வந்த மனைவி தூரத்திலிருந்தே அதைப் பார்த்தாள். இருவரும் குனிந்து தரையைப் பார்த்து ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவளை இரண்டு பேருமே கவனிக்கவில்லை. அவள் கூப்பிடலாமா என்று ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு சாலையைக் கடந்து அந்தப் பக்கமாகவே நடந்து வீட்டுக்குப் போனாள். செருப்பைக் கழற்றிவிட்டு, ரொம்ப நாள் கழித்து யாருக்கும் எதையும் சொல்ல வேண்டாத ஒரு காபியைப் போட்டுக் குடித்தாள்.